கிராணியார் ஸ்ட்ரைக் வைத்த புரட்டாசி

அண்ணி,

புரட்டாசி முடிந்து இன்றைக்குத்தான் வீட்டில் மீன் பொரித்தேன். பசாரில் கெம்போங் மீன் கண் மங்காமல் கிடைத்தது. மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் தடவி எண்ணெயில் போட்டேன். ஒரு மாதம் பருப்பும் கத்திரிக்காயும் தின்ற மூக்குக்கு அந்த வாசனை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசியின் கடைசி நாளில் நீங்கள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கேட்டால் விளக்கு வைக்க நேரம் பார்ப்பதாகச் சொல்வீர்கள். பச்சைப் பொய். மறுநாள் மீனுக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்றுதான் பார்த்திருப்பீர்கள்.

தைப்பூசம் முடிந்த கையோடு நீங்கள் போனீர்கள். எட்டு மாதம் ஓடிவிட்டது. இந்த வாசனை வந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்துகொண்டேதான் அடுப்பைப் பற்றவைத்தேன். அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. நான்கு வருடத்துக்கு முந்தைய அந்தப் புரட்டாசி நினைவுக்கு வந்து, கையில் கரண்டியோடு தனியாக நின்று சிரித்தேன். அதனால்தான் இதை உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் என் வீட்டுக்காரரின் அக்கா. நாத்தனாரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன் என்று சொன்னால், என் ஸ்கூல் வேனில் பிள்ளைகளை ஏற்றிவிட வரும் தாய்மார்கள் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். அவர் இறந்த மறு வருடம், ஆயர் தாவார் பக்கத்தில் நீங்கள் இருந்த ரப்பர் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பெட்டியும் ஒரு கூடையுமாக லகாட்டில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினீர்கள். கூடைக்குள் பூனை இருப்பதை நீங்கள் சொல்லவில்லை. கூடையே கத்திச் சொல்லிவிட்டது.

வெள்ளைப் பூனை, வலது காதுக்கு மேல் மட்டும் கறுப்பாக ஒரு கோடு. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். இவரும் அதையேதான் செய்கிறார் என்று கிராணியார் எனப் பெயர் வைத்திருந்தீர்கள். அவரை நான் ‘அது’ என்று சொன்னால் உங்களுக்கு முகம் சுருங்கிவிடும். என் வீட்டுக்காரரைக்கூட நான் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

முப்பது வருடம் பால்மரம் சீவியவர் நீங்கள். தோட்டத்தை விட்டு வந்தாலும் விடியற்காலைப் பெரட்டை விடவில்லை. தோட்டத்தில் வேலைக்குப் போகும்முன் மண்டோர் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவாரே, அதே பெரட்டு நம் வீட்டில் தினமும் நடந்தது. பின்கட்டில், இடுப்பு உயரச் சிமெண்ட் திட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு முதலில் உங்கள் பெயரை நீங்களே கூப்பிட்டு நீங்களே பதில் சொல்வீர்கள். அடுத்தது என் பெயர். கடைசியில் கிராணியார். அவர் தரையிலிருந்து ஒரே தாவில் திட்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் ஆள் சரி. இந்தக் கூத்தைப் பக்கத்து வீட்டு வோங் அங்கிள் பார்த்துவிட்டு, நம் மூன்று பேரையும் சேர்த்துத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடப்போவதாக மிரட்டுவார்.

அந்தப் புரட்டாசி பிறந்த முதல் வாரத்தில் கிராணியார் பெரட்டுக்கு வரவில்லை. வரவில்லை என்றால், வந்து கீழேயே நின்றார். நீங்கள் பெயர் கூப்பிட்டபோது வேறு பக்கம் பார்த்தார். மறுநாளும் அப்படியே. நான் வேன் எடுக்கும் அவசரத்தில் அவரை வயிற்றோடு அள்ளித் திட்டில் வைக்கப் போனேன். என் கையைக் கடித்துவிட்டார். பதினோரு வயதுவரை அவர் யாரையும் கடித்ததில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அவர் ஒன்றுக்குப் போகும் மண் தட்டுக்குள் போகாமல் அதன் ஓரத்தில் தரையிலேயே நனைத்துவைத்தார். முதுகை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்தினார், முடி சடை பிடித்தது. கூப்பிட்டால் எழுந்து வர நேரம் எடுத்தார். நாம் இருவரும் கூடிப் பேசினோம். காரணத்தை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். புரட்டாசி என்பதால் வீட்டில் மீன் இல்லை. அதோடு, அவர் பிஸ்கட் பாக்கெட்டில் மீன் படம் போட்டிருக்கிறது என்று சாப்பாட்டுத் தட்டை வேறு வாசலுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்துக்கு மாற்றியிருந்தீர்கள். மானமுள்ள எந்தக் கிராணி அதைப் பொறுத்துக்கொள்வார்? கிராணியார் ஸ்ட்ரைக் வைத்திருக்கிறார் என்று தீர்ப்புச் சொன்னீர்கள்.

எனக்குச் சந்தேகம்தான். “ஸ்ட்ரைக்குன்னா சாப்பிடாம இருக்கணும்லா அண்ணி. இவரு தட்ட நக்கி வச்சிருக்காரு” என்றேன்.

“சாப்பிடாம இருக்கிறது உண்ணாவிரதம் புள்ள. இது வேல நிறுத்தம். ரெண்டும் வேற.”

உங்களோடு இதில் வாதம் செய்ய முடியுமா? லயத்து வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டுப் பதினோரு நாள் பெரட்டுக்களத்தில் உட்கார்ந்தவர் நீங்கள். ஸ்ட்ரைக் என்றால் உங்களுக்கு ஒரு பக்தியே உண்டு. அவரை யாரும் மிரட்டக் கூடாது, கெஞ்சவும் கூடாது, அவர் பக்கத்து நியாயத்தை மதிக்க வேண்டும் என்று எனக்குச் சட்டம் போட்டீர்கள். முடி சடை பிடித்ததைக் காட்டினேன். போராட்டத்தில் இருப்பவர்கள் சவரம் பண்ண மாட்டார்கள் என்று சொல்லிவிட்டீர்கள். தினம் சாயங்காலம் அவருக்கு எதிரில் உட்கார்ந்து, புரட்டாசி முடிய இன்னும் எத்தனை நாள் என்று பேச்சுவார்த்தை நடத்தினீர்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நல்ல தலைவர் அப்படித்தான் கேட்பார் என்று எனக்கு விளக்கம் வேறு.

மாதம் முடிந்தது. முதல் மீனை அவருக்குத்தான் எடுத்து வைத்தீர்கள். ஆறவைத்து, முள் எடுத்து, அதைச் சிமெண்ட் திட்டின்மேல் வாழை இலைத் துண்டில் வைத்துவிட்டுப் பெயர் கூப்பிட்டீர்கள். வந்தார். திட்டுக்குக் கீழே நின்று மேலே பார்த்தார். பின்கால்களை மடக்கித் தாவப் போனார், மடங்கவில்லை. ஒருமுறை ஆடினார். இன்னொரு முறை முயன்றார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார். மேலே மீனைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஒரு சத்தம் போட்டார். அவர் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்தீர்கள். அவர் பின்காலைக் கையில் வாங்கி மெல்ல நீட்டிப் பார்த்தீர்கள். அவர் இழுத்துக்கொண்டார்.

“ஸ்ட்ரைக் இல்ல புள்ள. முட்டி” என்றீர்கள்.

மீனை எடுத்துக் கீழே வைத்தோம்.  ஒரு மாதம் வலியில் இருந்தவரிடம் காலண்டரைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது. உங்களுக்கு அதைவிட அதிகமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் பெரிய விஷயம் நடந்தது. தரையில் உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்க முடியவில்லை. என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே. எதுவும் உடனே நடக்க வேண்டும், நடக்காவிட்டால் தூக்கி வைத்துவிட வேண்டும். அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். நீங்கள் அலறினீர்கள். பயந்து கையை எடுத்தேன், மறுபடி இழுத்தேன். கடைசியில் நாற்காலியை இழுத்து வந்து, அதைப் பிடித்து நீங்கள் அங்குலம் அங்குலமாக எழுந்து முடிப்பதற்குள் அரை மணி நேரம் ஆனது. கிராணியார் இலையை நக்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்தியிருந்தபோது சுகுவுக்குப் போன் போட்டேன். உங்கள் மகனுக்குத் தெரியாமல் இதை நான் வைத்துக்கொள்ளலாமா? நான் வேன் ஓட்டப் போன நேரத்தில் நீங்கள் விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது? சுகு பொறுப்பான பிள்ளை. தீபாவளிக்கு வந்து அம்மாவை ஷா ஆலமுக்கே கூட்டிப் போய்விடுகிறேன் அத்தை என்றான். அவனுடைய வீடு பன்னிரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு, பக்கத்திலேயே கிளினிக் உண்டு. பூனை, நாய் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. அன்று சாயங்காலமே உங்களுக்கும் சொல்லிவிட்டான்.

போனை வைத்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள், போன் போட்டது நீயா என்று. ஆமாம் என்றேன். சரி என்றீர்கள். அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலையில் பெரட்டு நடக்கவில்லை. நீங்கள் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். நான் வைத்த தோசையைச் சாப்பிட்டீர்கள், என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் அப்படி. கிராணியாரின் ஸ்ட்ரைக் பொய்யாகப் போனது, உங்களுடையது நிஜம். எனக்கு உள்ளுக்குள் கோபமும் வந்தது, பயமும் வந்தது. நல்லது செய்யப்போய்ப் பொல்லாப்பு வாங்கிக்கொண்ட ஆத்திரம் வேறு. ஆனாலும் வீடு பேச்சில்லாமல் இருந்தபோதுதான், நீங்கள் போய்விட்டால் இந்த வீடு இப்படித்தான் இருக்கும் என்று உறைத்தது.

மூன்றாம் நாள் ஈப்போவில் ஒரு மிருக டாக்டரிடம் கிராணியாரைக் காட்ட நேரம் வாங்கியிருந்தேன். கூடையை எடுத்தபோது நீங்கள் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றீர்கள். வேனின் படி உயரம். என் கை தானாக உங்கள் இடுப்புக்குப் போனது.

“தூக்காத புள்ள. கீழ ஏதாச்சும் போடு, நானே ஏறுவேன்.”

அது இரண்டு நாளில் நீங்கள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. பின்னால் கிடந்த ஸ்பேர் டயரை இறக்கிப் போட்டேன். அதில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்கி, மந்திரி காரில் ஏறுவதுபோல் ஏறி உட்கார்ந்தீர்கள்.

டாக்டர் சின்ன வயதுச் சீனப் பெண். கிராணியாரைத் தொடும் முன்பே மூக்கை உறிஞ்சி, இந்தத் தைலத்தைத் தேய்த்தது யார் என்று மலாயில் கேட்டாள். நான் உதட்டைக் குவித்து உங்களைக் காட்டினேன். பூனை உடம்பை நக்கும், தைலம் வயிற்றுக்குள் போகும், இனிமேல் தேய்க்கவே கூடாது என்றாள். நீங்கள் பணிவாகத் தலையாட்டிவிட்டு, பர்ஸிலிருந்து பாதியாக உடைத்த மாத்திரை ஒன்றை எடுத்து, முட்டிக்கு எனக்குக் கொடுத்தது, இவருக்குப் பாதி போதுமா என்று கேட்டீர்கள். அவள் அதை வாங்கித் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள். மனிதர் மாத்திரை பூனையைக் கொன்றே விடும் என்றாள். உங்கள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். இடுப்பிலும் பின்முட்டியிலும் மூட்டுத் தேய்ந்திருந்தது. முழுதாகக் குணமாகாது, ஆனால் நன்றாக வாழலாம் என்றாள். அளவு பார்த்துக் கொடுக்க ஒரு வலி மருந்து எழுதினாள். உடம்பைக் குறைக்க வேண்டும். வழுக்கும் தரையில் விரிப்புப் போட வேண்டும், மண் தட்டின் விளிம்பைத் தாழ்த்த வேண்டும், படுக்கும் இடம் சூடாக இருக்க வேண்டும். இடுப்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அவருக்கு எட்டும்படி வழி செய்து கொடுத்தால் போதும் என்றாள். நீங்கள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். கடைசியாக அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. பூனை வலிக்கிறது என்று அழாது, செய்து கொண்டிருந்ததை நிறுத்திவிடும், அவ்வளவுதான் என்றாள்.

திரும்பி வரும் வழியில் கிராணியாரின் கூடையை உங்கள் மடியிலேயே வைத்துக்கொண்டீர்கள். சிக்னலில் நின்றபோது நீங்களாகவே ஆரம்பித்தீர்கள்.

“கோயிலுக்கு வரலேன்னு சொன்னேன்ல. தம்பிய எடுத்துக்கிட்ட சாமிய எதுக்குப் பாக்கணும்னு. கோவம் இல்ல புள்ள. அந்தக் கோயில் படி, ஏற முடியல.”

பச்சை விளக்கு விழுந்து பின்னால் ஹாரன் அடிக்கும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை. வருடக்கணக்காக நீங்கள் சாமியோடு கோபம் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அண்ணி தம்பி போனதிலிருந்து கோயிலுக்கே வருவதில்லை என்று ஏதோ பெருமை மாதிரி சொல்லித் திரிந்திருக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு பேரைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். போன் போட்டதற்கும் சேர்த்துத்தான் கேட்டேன்.

நீங்கள் உடனே பேச்சுவார்த்தைக்கு வந்துவிட்டீர்கள். உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். நம் வீட்டில், கிராணியாரோடு, உங்கள் காலில் நடந்து இருக்க வேண்டும். தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. அதற்குள் சுகு கண்ணால் பார்த்து நம்பும்படி நடந்து காட்டினால் அவன் தனியாகத் திரும்பிப் போக வேண்டும், முடியாவிட்டால் வாய் பேசாமல் அவனோடு போய்விடுவதாகச் சொன்னீர்கள். நான் ஒத்துக்கொண்டேன். பதிலுக்கு நான் ஒன்று கேட்டேன், அரசாங்கக் கிளினிக்குக்கு வந்து காலைக் காட்ட வேண்டும் என்று. முனகிக்கொண்டே சம்மதித்தீர்கள்.

அந்த மூன்று வாரம் போல் நான் என் வாழ்நாளில் சிரித்ததில்லை அண்ணி. வீடு முழுக்க ரப்பர் விரிப்பு. மண் தட்டை எடுத்துவிட்டு விளிம்பு தாழ்ந்த பிளாஸ்டிக் தட்டு வைத்தோம், அது கேக் கடையில் வாங்கியது. உங்கள் நாற்காலிக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்தி, அதற்கு முன்னால் கிராணியார் ஏற ஒரு முக்காலி. கிளினிக்கில் சொல்லிக் கொடுத்தபடி நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக நீட்டிப் பத்து எண்ணுவீர்கள். அவருக்கு நான் வெதுவெதுப்பான துண்டை இடுப்பில் போடுவேன். இருவருக்கும் உடம்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் பிஸ்கட்டை அளந்து போட்டபோது பாவமாகப் பார்த்தார். உங்கள் கோப்பியில் சீனியைக் குறைத்தபோது நீங்கள் பார்த்த பார்வை அதைவிட மோசம்.

சிமெண்ட் திட்டுக்கு வழி போடத்தான் சிரமமாக இருந்தது. வோங் அங்கிள் அலமாரி செய்பவர். ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, மேலே மிதியடியை ஆணியடித்துக் கொடுத்தார். கிராணியார் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். செங்குத்து அதிகம். பலகையை நீளமாக்கினார், அப்போதும் ஏறவில்லை. அங்கிள் தலையைச் சொறிந்தார். நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பலகை வேண்டாம், படி வேண்டும் என்றீர்கள்.

“நெற வாளியோட ஏறுறவளுக்குப் போடுற படி போடச் சொல்லு” என்றீர்கள்.

தோட்டத்து மலையில் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரண்டு பக்கமும் பால் நிறைந்த வாளி தொங்க ஏறி இறங்குவீர்களாம். அந்தப் பாதையில் வெட்டிய படிகள் தாழ்வாக, அகலமாக, இரண்டு காலையும் வைத்து நிற்கும்படி இருக்குமாம். நடுவில் ஒரு படி மட்டும் பெரிதாக இருக்கும், மூச்சு வாங்கிக்கொள்ள. இதை வோங் அங்கிளுக்கு எப்படி விளக்குவது? தரை துடைக்கும் மாப்புக் கம்பை என் தோளில் வைத்து, இரண்டு வாளி நிறையத் தண்ணீரைத் தொங்கவிட்டு, என்னை நடக்க வைத்தீர்கள். அவர் என் காலுக்கு முன்னால் பலகைத் துண்டுகளை வைக்க, நான் ஏறி இறங்க, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து இன்னும் தாழ்வா, இன்னும் அகலமா என்று அதட்ட, பாதித் தண்ணீர் என் சேலையில். அங்கிளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். ஆனால் புரிந்துகொண்டார். இரண்டே நாளில் ஐந்து படி செய்துவிட்டார், நடுப்படி மட்டும் அகலம்.

முதல் நாள் கிராணியார் தொடவில்லை. இரண்டாம் நாள் முதல் படியில் முன்கால்களை வைத்துவிட்டு எடுத்தார். எனக்குக் கை பரபரத்தது, அப்படியே எடுத்து மேலே வைத்துவிடலாம் போல. நீங்கள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டீர்கள். மூன்றாம் நாள் விடியலில் பெயர் கூப்பிட்டபோது வந்தார். ஒரு படி, அடுத்த படி. நடுப்படியில் நின்று சுற்றிலும் பார்த்தார். அப்புறம் மிச்சம் இரண்டையும் ஏறித் திட்டின்மேல் உட்கார்ந்து, காதில் பென்சிலோடு நம்மைப் பார்த்தார். நாம் இரண்டு கிழவிகளும் கையைத் தட்டிக்கொண்டு குதித்தோம். குதித்தது நான் மட்டும், நீங்கள் உட்கார்ந்தபடியே குதித்தீர்கள்.

அன்றைக்கே வோங் அங்கிளை வரச் சொல்லி, அதே கணக்கில் சமையல்கட்டுப் பின்வாசலுக்கும் படி போடச் சொன்னீர்கள். அங்கே முன்பு இருந்தது ஒரே உயரப் படி. அதில் நீங்கள் இறங்குவதை நிறுத்தி எத்தனை நாள் என்று நான் கவனிக்கவே இல்லை. சிமெண்டில் மூன்று படி, பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் குழாய். காய்ந்த அன்றைக்கு நீங்கள் ஒரு பக்கமும் கிராணியார் ஒரு பக்கமுமாக இறங்கினீர்கள். அவர் முதலில் வந்து சேர்ந்தார்.

தீபாவளிக்கு முதல் நாள் சுகு வந்தான். கார் நிறைய வெறும் அட்டைப்பெட்டிகள், உங்கள் சாமான்களை அடுக்க. உள்ளே வந்து உங்கள் நாற்காலியில் உட்காரப் பார்த்தான். அதில் கிராணியார் படுத்திருந்தார். அவரை எடுத்துத் தரையில் விடக் குனிந்தான். சமையல்கட்டிலிருந்து நானும், கூடத்தில் வேறொரு நாற்காலியிலிருந்து நீங்களும் ஒரே நேரத்தில் சொன்னோம், “தூக்காத.” பிள்ளை கையை அந்தரத்தில் வைத்தபடி நின்றுவிட்டான்.

கிராணியார் எழுந்தார். சோம்பல் முறித்தார். முக்காலியில் முன்கால், பிறகு பின்கால், பிறகு தரை. அவர் விரிப்புமேல் நடந்து பின்வாசல் பக்கம் போகும்வரை சுகு அசையவில்லை. அப்புறம் நீங்கள் எழுந்தீர்கள். கைப்பிடியை அழுத்தி, ஒன்று, இரண்டு எண்ணி, யார் கையையும் பிடிக்காமல். கம்பை ஊன்றி அவர் பின்னாலேயே போய், பின்வாசல் படியில் இறங்கி, திட்டில் ஆறவைத்திருந்த முறுக்குத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, திரும்ப ஏறி வந்து மகன் கையில் கொடுத்தீர்கள். வேண்டுமென்றேதான் அவ்வளவு தூரம் போனீர்கள், எனக்குத் தெரியும். முறுக்கு அடுப்படியிலேயே நிறைய இருந்தது.

சுகு அதைக் கடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தான். சற்றுப் பொறுத்துச் சமையல்கட்டுக்கு வந்தான்.

“அம்மா நல்லா நடக்கிறாங்க அத்தை.”

“ஆமாலா” என்றேன். 

சாயங்காலம் அவன் கடைக்குப் போய்க் கைப்பிடிக் கம்பி வாங்கிவந்து, குளியலறைச் சுவரில் தானே துளை போட்டு மாட்டினான். மூன்றாம் நாள் அந்த அட்டைப்பெட்டிகளில் முறுக்கும் அதிரசமுமாக நிரப்பிக்கொண்டு தனியாகத் திரும்பினான்.

அடுத்த தைப்பூசத்துக்கு நீங்கள் கோயிலுக்கு வந்தீர்கள். படிகளின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தீர்கள். அவை நிறை வாளிக்காரிக்குப் போட்ட படிகள் இல்லை. நீங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் வைத்து நின்று நின்று ஏறினீர்கள். பார்ப்பவர்கள் சும்மா இருப்பார்களா? அம்மா, அக்கா என்று நாலு பக்கமிருந்தும் கைத்தாங்கலுக்கு ஓடி வந்தார்கள். நான் உங்களுக்குப் பின்னால் கையை விரித்துக்கொண்டு, யாரும் தொடாதீங்க, அவங்களே வருவாங்க என்று எல்லோரையும் விரட்டினேன். என்ன மனுஷி இவள், வயதானவளுக்குக் கைகொடுக்க விடமாட்டேன் என்கிறாளே என்று ஒரு அம்மா என்னைத் திட்டினாள். நீங்கள் மேல்படியில் நின்று அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் நெற்றியின் திருநீறு உதிர்ந்தது.

அப்படி மூன்று வருடத்துக்கு மேல் இருந்தோம், மூன்று பேரும். குளிர் நாளில் உங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தே வலிக்கும், சேர்ந்தே முனகுவீர்கள். ஆனாலும் அந்த வருடங்கள்தான் இந்த வீட்டின் நல்ல வருடங்கள். அதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

நீங்கள் போனது ஒரு மதியத் தூக்கத்தில். யாரையும் படுத்தவில்லை, நீங்களும் படவில்லை. அன்று காலையில்கூட உங்கள் காலில்தான் படியிறங்கிப் போய்ப் பெயர் கூப்பிட்டீர்கள்.

கிராணியார் உங்கள் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. தண்ணீரும் சாப்பாடும் அங்கேயே வைத்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு பார்த்தேன், பின்கட்டில் நல்ல வெயில் விழுந்திருந்தது. அவருடைய இடுப்புக்கு அந்தச் சூடு வேண்டும். வேறு ஒரு நாளாக இருந்தால் அள்ளிக்கொண்டு போயிருப்பேன். அன்றைக்கு என்னவோ, பின்வாசலின் கடைசிப் படியில் போய் உட்கார்ந்து கொண்டேன். கூப்பிடக்கூட இல்லை. வெயில் திட்டிலிருந்து தரைக்கு இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். எனக்கு எப்போதும் நேரம் பத்தாது என்று உங்களுக்குத் தெரியும். அன்று எனக்கு வேறு வேலையே இருக்கவில்லை.

வந்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். ஒரு படி இறங்கி, நின்று, அடுத்ததில் ஒரு காலை வைத்தபோது இடுப்பு ஆடியது. என் இரண்டு கையையும் மடியில் கோர்த்து இறுக்கிக்கொண்டேன். அவரே சமாளித்து இறங்கி, என்னை உரசிக்கொண்டு போய் வெயிலில் படுத்தார். அப்போதுதான் நான் அழுதேன் அண்ணி. துக்கத்தில் மட்டும் என்று சொன்னால் பொய்.

சென்ற வாரம் சுகு போன் பண்ணினான். நீங்க தனியா இருக்கீங்க அத்தை, கிராணியார் காலத்துக்கு அப்புறம் எங்களோட வந்துருங்க என்றான். அன்பாகத்தான் கேட்டான். என் வலது முட்டியும் வேனிலிருந்து இறங்கும்போது பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, அதை அவனிடம் மறைக்கவில்லை. கோபம், சலிப்பு, வேலை அதிகம் என்று வேறு பெயர் எதுவும் வைக்கவில்லை. வலிக்கிறது என்றே சொன்னேன். திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போகிறேன் என்றும் சொன்னேன். என்னைத் தூக்கிக்கொண்டு போக அவன் வர வேண்டியதில்லை, தீபாவளிக்கு வந்து நான் நடப்பதைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.